நல்லூரில் ஆறு சனிக்கிழமை: குழுக் கோச்சிங்குக்குப் போய்வந்த ஒரு சுப்பவைசர் எழுதுவது

நான் சுன்னாகம் பக்கம் ஒரு சரக்குத்தூள் கொம்பனியில் பொதி செய்கிற பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். 2011 இல் அங்கே சீல் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தவள். 2019 இல் என்னைச் சுப்பவைசர் ஆக்கினார்கள். ஒரு திங்கட்கிழமை காலமை முதலாளி வந்து "இனி இந்தப் பகுதியை நீர் பாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைவரை பக்கத்துக் கதிரையில் இருந்து லேபல் ஒட்டினவர்களுக்குத் திங்கட்கிழமை லீவுக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறவளாக மாறினேன். அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு முதல் இருந்தவர் சத்தம் போட்டு வேலை வாங்குவார். எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். நானும் அதையே செய்தேன்.

2025 ஏப்ரலில், சித்திரை வருசத்துக்கு முதல் கிழமை, கனடாவுக்கு ஒரு ஓடர். திகதி அடிக்கிற மிசினில் வருடத்தை மாற்ற மறந்துபோனது. 2026 ஏப்ரல் என்று விழ வேண்டிய காலாவதித் திகதி 2025 ஏப்ரல் என்று விழுந்துகொண்டிருந்தது. மிசினில் நின்ற பிள்ளைக்கு 20 வயது. அவள் அதைக் காலமை பத்து மணிக்கே கண்டுவிட்டாள். அப்போது 200 பக்கற் அளவில்தான் அடித்திருந்தது. என்னிடம் வந்து சொன்னது பின்னேரம் நாலு மணிக்கு. அதற்குள் 1,640 பக்கற். "இடையில மாத்தினால் எல்லாருக்கும் தெரிஞ்சிடும் எண்டு பயந்திட்டன் அக்கா" என்றாள். சொல்லும்போது வாய் நடுங்கியது.

மூன்று நாள் பிரித்துக் கொட்டித் திரும்பப் பொதி செய்தோம். பக்கற் காசு, லேபல் காசு, ஆட்களின் ஓ.ரி. (மேலதிக நேர வேலை) காசு எல்லாம் நட்டம். முதலாளி என்னை ஏசவில்லை. "உமக்கு ஆக்களை நடத்துறது கஷ்டமாக் கிடக்குப் போல" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு அன்றிரவு நித்திரை வந்திருக்கும். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் கொழும்பில் இப்படி ஒரு கோச்சிங் குழுவுக்குப் போய்வந்தவராம். யாழ்ப்பாணத்திலும் ஒருவர் நடத்துகிறார் என்று விசாரித்துக்கொண்டு வந்து, அரைவாசிக் காசைக் கொம்பனி தரும் என்றார். ஆறு அமர்வுக்கு ஆளுக்கு 36,000 ரூபாய். என் பங்கு 18,000. என் சம்பளத்தில் அது சின்னக் காசு இல்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். என்னைப் போல ஒருவர் இதற்குக் காசு கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் அவருக்கு உதவட்டும்.

நடத்துபவரின் பெயரை எழுதவில்லை. அந்த அறையில் கதைத்தது அந்த அறையோடு என்று ஒத்துக்கொண்டுதான் தொடங்கினோம். யாழ்ப்பாணத்தில் ஒரு பெயரைச் சொன்னால் மிச்சப் பெயர்களைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போதும். கூட வந்தவர்களின் கதைகளையும் எழுதமாட்டேன். என் கதையை மட்டும் எழுதுகிறேன், அது என்னுடையது.

முதலில் அந்தச் சொல். எங்கள் மாமிக்குக் கோச்சி என்றால் யாழ்தேவி ரயில். பிள்ளைகளுக்குக் கோச் என்றால் கிரிக்கெட் மைதானத்தில் விசிலோடு நிற்கிறவர். வேலைத்தலத்துக் கோச்சிங் என்று சொன்னபோது நான் நினைத்தது, புறஜெக்ரர் வைத்துத் தலைமைத்துவம் பற்றி ஒரு நாள் வகுப்பு எடுப்பார்கள், மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல் தருவார்கள், கடைசியில் சேட்டிபிக்கற் தருவார்கள் என்றுதான். அப்படியான இரண்டு கருத்தரங்குக்கு முன்பு போயிருக்கிறேன். சேட்டிபிக்கற் இரண்டும் அலுமாரியில் இருக்கின்றன. இது அது இல்லை. இங்கே பாடம் இல்லை. நீங்கள் உங்கள் வேலையில் சிக்கிக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்தைக் கொண்டுபோக வேண்டும். அதை வைத்துத்தான் எல்லாம் நடக்கும்.

இதிலும் இரண்டு வகை இருப்பது எனக்குப் போகும்வரை தெரியாது. குழுக் கோச்சிங் என்றால் வேறு வேறு இடங்களில் வேலை செய்கிற ஆட்கள் ஒன்றாக இருந்து, ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பிரச்சினையைப் பார்ப்பது. மற்றது ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்கிற அணிக்குச் செய்வது. அங்கே பொதுவான ஒரு வேலை இருக்கும், அந்த அணி முழுக்கச் சேர்ந்து மாற வேண்டும். பெயர் கிட்டக் கிட்ட இருந்தாலும் இரண்டும் வேறு வேலை. எங்கள் கொம்பனி இரண்டுக்கும் காசு கட்டியது. எனக்கு முதலாவது நல்ல பலன் தந்தது. இரண்டாவது அரைகுறை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இடம் நல்லூரில், பருத்தித்துறை வீதியில் இருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடி. ஆறு கதிரை வட்டமாக, நடுவில் மேசை இல்லை. ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில், பின்னேரம் இரண்டு மணி முதல் நாலரை மணிவரை. இரண்டு என்றால் இரண்டு மணிக்கே கதவைச் சாத்திவிடுவார். முதல் நாள் ஐந்து நிமிடம் சுணங்கிப் போய்ப் படியில் நின்றேன். தேத்தண்ணீரும் றோல்ஸும் மூன்றேகாலுக்கு. படி செங்குத்து, கால் ஏலாதவர்களுக்குக் கஷ்டம். மின்விசிறி ஒன்றுதான். ஜூன் மாத வெக்கையில் இரண்டரை மணித்தியாலம் அங்கே இருப்பது லேசு இல்லை.

நடத்துகிற அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கொழும்பில் கனகாலம் மனிதவளப் பகுதியில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பினவர். "மிஸ் எண்டு கூப்பிடாதேங்கோ, நான் படிப்பிக்க வரேல்லை" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு ஒரு பெரிய வெள்ளைத் தாளை நிலத்தில் விரித்து, எங்கள் ஆறு பேருடைய பெயரையும் எழுதி, ஆருக்கு ஆரைத் தெரியும், ஆர் ஆருக்குச் சொந்தம், ஆருடைய பிள்ளை ஆரிடம் ரியூசன் போகிறது என்று கோடு போடச் சொன்னார். பத்து நிமிடத்தில் தாள் சிலந்திவலை மாதிரி ஆகிவிட்டது. ஒருவரின் மச்சாள் இன்னொருவரின் இடத்தில் வேலை செய்கிறார் என்பது அப்போதுதான் வெளிவந்தது. அந்த இருவரையும் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். ஒருவர் வேறு குழுவுக்கு மாறினார், அவருக்குப் பதில் அடுத்த அமர்வுக்கு இன்னொருவர் வந்தார். எனக்கு அந்த இடத்திலேயே இவர்மேல் நம்பிக்கை வந்தது. கொழும்பிலோ லண்டனிலோ இதற்குத் தேவை இல்லாமல் இருக்கலாம். எங்கள் ஊரில் இதைச் செய்யாமல் தொடங்கினால் ஆரும் வாய் திறக்கமாட்டார்கள், திறந்தாலும் உண்மை வராது.

நடக்கிற முறை இதுதான். ஒரு அமர்வில் இரண்டு பேருடைய விஷயம், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். விஷயம் கொண்டுவந்தவர் ஐந்து நிமிடம் சொல்லுவார். மற்ற ஐந்து பேரும் கேள்வி மட்டும் கேட்கலாம். புத்திமதி சொல்லக்கூடாது. "எங்கட இடத்தில நாங்கள் இப்பிடித்தான் செய்யிறனாங்கள்" என்று தொடங்கினால் அக்கா கையை உயர்த்துவார். "நீங்கள் ஏன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைக்கேல்லை?" என்றால் அதற்கும் கையை உயர்த்துவார், ஏனென்றால் அது கேள்விச் சட்டை போட்ட புத்திமதி. நாங்கள் புத்திமதி சொல்லியே வளர்ந்த சனம். முதல் நாள் ஒரு மணித்தியாலத்தில் அந்தக் கை எத்தனை தரம் உயர்ந்தது என்று எண்ண முடியவில்லை. கடைசியில் விஷயம் கொண்டுவந்தவர் தான் என்ன செய்யப் போகிறார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். அடுத்த அமர்வில் முதல் கால்மணித்தியாலம் அதற்குத்தான். செய்யவில்லை என்றாலும் ஒருவரும் ஏசுவதில்லை. ஆனால் ஐந்து பேரின் முகத்தைப் பார்த்து "செய்யேல்லை" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த முறை றெஜ் றெவன்ஸ் என்ற ஆங்கிலேயரிடம் இருந்து வந்தது என்று தேத்தண்ணீர் நேரத்தில் சொன்னார். கேம்பிரிட்ஜில் பௌதிகவியல் ஆய்வு செய்தவர், 1928 ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்காகப் பாய்ச்சல் போட்டியில் நின்றவர். 1940களில் நிலக்கரிச் சுரங்கங்களில் பயிற்சி வேலைக்குப் பொறுப்பாக இருந்தபோது, சுரங்க முகாமையாளர்களை வகுப்புக்கு அனுப்புவதைவிடச் சின்னக் குழுக்களாக இருத்தித் தங்கள் சுரங்கத்துப் பிரச்சினைகளைத் தங்களுக்குள் கேள்வி கேட்டுப் பார்க்க வைத்தாராம். ஏற்கெனவே ஆரோ எழுதி வைத்த அறிவும் வேண்டும், ஆனால் அதோடு சரியான கேள்வியும் சேர்ந்தால்தான் கற்றல் என்பது அவருடைய கணக்கு. எனக்கு அந்தச் சுரங்கக் கதை பிடித்துக்கொண்டது. அவர்களும் தூசிக்குள் நின்று ஆட்களைப் பார்த்தவர்கள்தானே.

என் முறை இரண்டாவது அமர்வில் வந்தது. 1,640 பக்கற் கதையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது நான் கேட்டது, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரச் செய்யிறது எப்பிடி?" என்றுதான். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எனக்கு எதிரே இருந்தவர் கேட்டார்.

"அந்தப் பிள்ளை வந்து சொன்ன உடனை உங்கட வாயில இருந்து வந்த முதல் சொல் என்ன?"

யோசிக்கத் தேவை இருக்கவில்லை. "ஆர் செட் பண்ணினது?" என்றுதான் கேட்டேன். எத்தனை பக்கற் என்று கேட்கவில்லை, மிசினை நிப்பாட்டியாச்சோ என்று கேட்கவில்லை. நாங்கள் ஆரைப் பிடிப்பது என்று தேடிக்கொண்டு நிற்க, மிசின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அந்த அறையில் சொன்னபோதுதான் எனக்கே அது காதில் விழுந்தது.

அடுத்த கேள்வி இன்னொருவரிடம் இருந்து. "இதுக்கு முதல் ஆராவது ஒரு பிழையைத் தானா வந்து உங்களிட்டச் சொன்னது எப்ப? அண்டைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" இதற்கு நேரம் எடுத்தது. கிட்டத்தட்ட ஒரு நிமிடம். விசிறிச் சத்தம் மட்டும். பிறகு ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முதல், எங்கள் பகுதியில் வயதில் மூத்த அக்கா ஒருவர், சீல் மிசின் கூடச் சூடாகிப் பக்கற் ஓட்டையாகிறது என்று வந்து சொன்னார். நான் கையில் கணக்குக் கொப்பியோடு நின்றேன். "இதைக்கூட நான் வந்துதான் பாக்கோணுமோ?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் ஒன்றையும் வந்து சொன்னதில்லை. இரண்டு வருடமாக அதை அவர் மனத்தில் வைத்திருந்திருக்கிறார். நான் அடுத்த நாளே மறந்துவிட்டேன்.

மூன்றாவது கேள்வி "பிழை எண்டால் உங்களுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்?" என்று வந்தது. அதற்குப் பதில் என் வாயில் இருந்து எப்படி வந்தது என்று தெரியாது. 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட இடப்பெயர்வு இரவு எனக்கு 12 வயது. காணி உறுதியும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த பையை நீ கொண்டு வா என்று அம்மா என்னிடம் தந்தவ. நான் அதைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். செம்மணி தாண்டும்போது கையில் பை இல்லை என்று எனக்குத் தெரியும். சாவகச்சேரிப் பக்கம் போய்ச் சேரும்வரை, அந்த மழைக்குள், அந்தச் சனத்துக்குள், ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டு வரும்போதே பேச்சு நின்றுவிட்டது.

அக்கா அந்த இடத்தில் எல்லாரையும் நிற்பாட்டினார். தொடர விருப்பமா என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தந்து, குழுவிடம் "இது இந்த அறைக்கு உரிய கதை இல்லை, இதை நாங்கள் தோண்டக்கூடாது" என்று தெளிவாகச் சொன்னார். நேரம் முடிந்த பிறகு என்னோடு தனியே இருந்து, இதைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்றால் அதற்குப் படித்த உளவளத்துணையாளர்கள் இருக்கிறார்கள், நான் அந்த ஆள் இல்லை என்று சொன்னார். அடுத்த நாள் போன் எடுத்து எப்படி இருக்கிறேன் என்று கேட்டார். இங்கே ஆருடைய மனத்தைத் தட்டினாலும் இப்படி ஒன்று உள்ளே இருக்கும். கோச்சிங் நடத்துகிறவருக்குத் தன் எல்லை தெரியாவிட்டால் அது ஆபத்து. இவருக்குத் தெரிந்திருந்தது. இந்த மதிப்பீட்டில் நான் கூடப் புள்ளி போடுகிறது இதற்குத்தான்.

நான் செய்வதாகச் சொன்னது இரண்டு. ஒன்று, மூத்த அக்காவிடம் போய் அந்தப் பழைய சொல்லுக்கு மன்னிப்புக் கேட்பது. மற்றது, திங்கட்கிழமை தொடங்கி ஒவ்வொரு வேலை நாளும் காலமை 7.50க்கு, மிசின் போடுமுன், எல்லாரும் நின்றபடியே ஐந்து நிமிடம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "நேற்று எங்களைச் சுணக்கினது என்ன?" ஆர் என்று கேட்கமாட்டேன்.

முதல் ஏழு வேலை நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஒண்டுமில்லை அக்கா." எனக்கு விட்டுவிடலாம் போல இருந்தது. அடுத்த அமர்வுக்கு முதல் விட்டுவிட்டால் அங்கே போய்ச் சொல்ல வேண்டுமே என்பதுதான் என்னைப் பிடித்து வைத்தது. எட்டாவது நாள் மூத்த அக்கா கதைத்தார்.

"பிள்ளை, கோவிக்கமாட்டீர் எண்டால் ஒண்டு சொல்லுறன். தூள் ஆறுறதுக்கு முதல் நாங்கள் அடைக்கிறம். கையை வைச்சால் சுடும். நீர் அவசரப்படுத்துவீர், அதால ஒருத்தரும் சொல்லுறேல்லை."

சரக்குத்தூள் வேலை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்த தூளுக்குள் சூடு நிற்கும். ஆறுமுன் பக்கற்றில் போட்டு வாயை ஒட்டினால் உள்ளே வேர்க்கும், பிறகு கட்டிபடும். கொழும்புக் கடை ஒன்றில் இருந்து தூள் கட்டியாக இருக்கிறது என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் பொலித்தீன் சரியில்லை என்று பக்கற் தருகிறவரோடு சண்டை பிடித்தேன். பிழை பொலித்தீனில் இல்லை. ஓடர் முடிக்க வேண்டும் என்று நான் நின்ற நிலையில் இருந்தது. என் பகுதியில் வேலை செய்கிற 11 பேருக்கும் அது தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. இப்போது பின்னேரம் அரைத்ததை அகலத் தட்டில் பரப்பி, சுத்தமான துணி போட்டு மூடி, அடுத்த நாள் காலமைதான் அடைக்கிறோம். அதற்குப் பிறகு கட்டி என்று ஒரு பக்கற்றும் திரும்பி வரவில்லை.

அடுத்த அமர்வில் இதைச் சொன்னபோது அக்கா ஏமி எட்மண்ட்சன் என்ற ஹாவார்ட் பேராசிரியரைப் பற்றிச் சொன்னார். 1990களில் வைத்தியசாலைகளில் மருந்துப் பிழைகளைப் பற்றி ஆய்வு செய்தவர். நன்றாக ஒத்து வேலை செய்கிற வாட்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போக, கணக்கில் அங்கேதான் பிழை கூடுதலாகத் தெரிந்ததாம். பிறகுதான் விளங்கியது, அங்கே பிழை கூட நடக்கவில்லை, நடந்ததை மறைக்காமல் சொல்லுகிறார்கள் என்று. 1999 இல் அவர் எழுதிய கட்டுரையில் அந்தப் பயமின்மையை உளப் பாதுகாப்பு என்று சொன்னார். இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் நான் கொப்பியில் எழுதிக்கொண்டு போயிருப்பேன். சூடான தூளுக்குப் பிறகு கேட்டதால் அது உள்ளே இறங்கியது. இந்த ஒழுங்கு அவர் தெரிந்து செய்ததா, தற்செயலா என்று கேட்கவில்லை. ஆனால் நல்ல ஒழுங்கு.

குறைகளும் உண்டு. ஆறு பேர், ஆறு அமர்வு, அமர்வுக்கு இரண்டு விஷயம். ஆக ஒருவருக்கு இரண்டு முறைதான் வரும். எனக்கு மூன்றாவது ஒன்று தேவைப்பட்டது. அவர் தருகிற தாள்கள் ஆங்கிலத்தில் இருந்து மாற்றினவை, கண்ணை மூடிக்கொண்டு மாற்றினது போல. "வினைத்திறன்மிகு செவிமடுத்தல்" என்று ஒரு தாள். வடிவாகக் கேட்பது என்று எழுதினால் என்ன? வாயால் அவ்வளவு நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கிறவர் எழுத்தில் ஏன் இப்படி விட்டார் என்று அவரிடமே கேட்டேன், மாற்றுவதாகச் சொன்னார். ஐந்தாவது அமர்வு நல்லூர்த் திருவிழாவுக்குள் விழுந்தது. கோயிலைச் சுற்றி வீதி மறித்திருக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதல் நாள் இரவுதான் வட்ஸ்அப்பில் சூமில் செய்வோம் என்று செய்தி வந்தது. அந்த அமர்வு காசுக்கு நட்டம். ஒருவர் வேலைத்தலத்து மூலையில் நின்று போனில் கதைக்கிறார், பின்னால் ஆட்கள் போகிறார்கள். அப்படி இருக்கும்போது ஆர் மனம் திறப்பார்? வட்டமாக இருக்கும்போது வருகிற அந்த ஒரு நிமிட மௌனம் சூமில் வராது. லைன் போச்சுதோ என்று கேட்பார்கள்.

இனி அணிக் கோச்சிங். என்னில் மாற்றம் கண்ட முதலாளி, எங்கள் பகுதி முழுவதற்கும் செய்வோம் என்று அதே அக்காவைக் கூப்பிட்டார். செப்ரெம்பர், ஒக்டோபரில் மூன்று அரைநாள், மொத்தம் 75,000 ரூபாய். அவர் முதலில் ஒரு காலமை முழுக்க எங்கள் பகுதியில் சும்மா நின்று பார்த்தார். அது நல்ல வேலை. முதல் அமர்வில் "நீங்கள் எல்லாரும் சேர்ந்தால்தான் முடிகிற ஒரு வேலை என்ன?" என்று ஆளுக்கு ஒரு துண்டில் எழுதச் சொன்னார். பதினொரு துண்டிலும் வேறு வேறு. சீல் பிள்ளை சீல் என்றாள், லேபல் பிள்ளை லேபல் என்றாள். "நல்ல தூள் நல்ல நிலையில வீட்டுக்குப் போய்ச் சேரவேணும்" என்று எழுதினது லொறியில் ஏற்றுகிற பொடியன் ஒருவன். அவன் அதை வாசித்தபோது எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் துண்டு இப்போது மிசினுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

அது மட்டும் நல்லது. பிறகு 1965 இல் புரூஸ் டக்மன் சொன்ன நாலு கட்டம் என்று ஒரு தாள் தந்தார்: ஒரு அணி உருவாகி, கொந்தளித்து, ஒழுங்காகி, பிறகுதான் வேலை செய்யும் என்று. எங்கள் இடத்தில் வருடத்தில் மூன்று பேர் கலியாணம், வெளிநாடு என்று போவார்கள், மூன்று பேர் வருவார்கள். நாங்கள் எப்போதும் முதல் கட்டத்தில்தான். தாளை வைத்து விளங்கப்படுத்தப் போன நேரத்தில் பிள்ளைகளின் உண்மையான முறைப்பாட்டைக் கேட்டிருக்கலாம்.

அந்த முறைப்பாடு இரண்டாவது அமர்வில் தானாக வந்தது. ஓ.ரி. இருக்கிறது என்பதை நாலு மணிக்குத்தான் சொல்லுகிறீர்கள். அச்சுவேலிக்கும் அதற்கு அங்காலும் போகிற பிள்ளைகளுக்கு வழமையான பஸ் விட்டுவிடும். வீட்டில் ஏச்சு. ஒருத்தி "அம்மா வேலையை விடச் சொல்லுறா" என்றாள். இது எங்கள் கையில் இல்லை. ஓடரை எடுப்பது முதலாளி, எங்களிடம் கேட்டு எடுப்பதும் இல்லை. அவர் முதல் அமர்வில் 20 நிமிடம் இருந்தார், போன் வந்தது, போனார். இரண்டாவதுக்கு வரவே இல்லை. அரைநாள் முழுக்க நாங்கள் எங்களுக்குள் சுற்றிச் சுற்றிக் கதைத்தோம். கேள்வி நல்ல கேள்வி, பதில் சொல்ல வேண்டிய ஆள் அறையில் இல்லை.

றிச்சட் ஹாக்மன் என்று இன்னொரு ஹாவார்ட் பேராசிரியர், விமானிகள், இசைக்குழுக்கள் என்று பல அணிகளைப் பார்த்தவர். ஒரு அணி எப்படி வேலை செய்யும் என்பதில் 60 வீதம் அணி கூடுமுன் செய்கிற ஆயத்தத்தில், 30 வீதம் அதைத் தொடக்கிவிடுகிற விதத்தில், மிச்சம் 10 வீதம்தான் பிறகு செய்கிற கோச்சிங்கில் என்று ஒரு கைக்கணக்குச் சொல்வாராம். இதையும் அக்காதான் எனக்குச் சொன்னார், குழு அமர்வில். அப்படி என்றால் எங்கள் 75,000 ரூபாய் அந்தப் பத்துக்குத்தான். அறுபது முதலாளியின் மேசையில் இருந்தது. முதலாளி மூன்று அமர்விலும் இருக்காவிட்டால் நான் வரமாட்டேன் என்று காசு வாங்குமுன் அக்கா சொல்லியிருக்க வேண்டும். இதை அவருக்கு நேரில் சொன்னேன். தன் பிழை என்று ஒத்துக்கொண்டார். அவரிடம் ஐ.சி.எப். என்கிற சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பின் இரண்டாவது படிச் சான்றிதழ் இருக்கிறது. அதற்கு 500 மணித்தியாலம் ஆட்களுக்குக் கோச்சிங் செய்திருக்க வேண்டும். முதற் படிக்கு 100, மேல் படிக்கு 2,500. ஆனால் அணிக்கென்று அந்தக் கூட்டமைப்பு தருகிற தனிச் சான்றிதழ் அவரிடம் இல்லை. இது எங்கள் கொம்பனி முதலே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நாங்கள் கேட்கவில்லை.

மூன்றாவது அமர்வுக்கு முதல் அவர் முதலாளியோடு தனியே கதைத்தார். முதலாளி வந்து முழு நேரமும் இருந்தார். போனை என்னிடம் தந்துவிட்டு இருந்தார். அச்சுவேலிப் பிள்ளை பஸ் கதையை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். திகதி மிசினில் நின்ற அதே பிள்ளைதான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மத்தியானத்துக்கு முதல் சொன்னால் காணுமோ?" என்று கேட்டார். காணும் என்றார்கள். அதற்குப் பிறகு தீபாவளி ஓடர் நேரம் இரண்டு நாள் அந்தச் சொல் தவறியது. தவறின நாள் ஓட்டோவுக்குக் காசு தந்தார்.

ஆகவே, உங்களுக்குக் கீழே நாலு பேர் இருந்து, அவர்களை எப்படி நடத்துவது என்று ஒருவரும் சொல்லித் தராமல் இருந்தால், குழுக் கோச்சிங்குக்கு 36,000 ரூபாய் தகும். பாதியைக் கொம்பனியிடம் கேளுங்கள், தருவார்கள். ஒரே இடத்தில் இருந்து இரண்டு பேர் ஒரு குழுவில் இருக்கக்கூடாது என்பதை உறுதிப்படுத்துங்கள். நேரில்தானா என்று கேளுங்கள். அணிக் கோச்சிங் என்றால், முதலாளி இருப்பாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தக் காசுக்கு இன்னொரு சீல் மிசின் வாங்கலாம்.

அடுத்த குழு தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்குகிறது. மில்லுப் பகுதிக்குப் பொறுப்பான அண்ணையை அனுப்ப முதலாளி சம்மதித்திருக்கிறார். அண்ணை எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நேற்று என்னிடம் வந்து, "அங்க எழுதுற வேலை இருக்கோ தங்கச்சி?" என்று கேட்டார். இல்லை அண்ணை, கொப்பி ஒன்றும் வேண்டாம், இரண்டு மணிக்கு முதல் மட்டும் போய்விடுங்கோ என்றேன்.